இரண்டு போரையும் அளந்துவிட்டு மாட்டைப் பாருங்கள்

வேலூர் மாவட்டம் ஒடுகத்தூர் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஏரி மாசியிலேயே காய்ந்துவிட்டது, போர்வெல் அரை மணி நேரம் ஓடினால் காற்றுதான் வருகிறது, வீட்டில் 5 உருப்படி. 9 லிட்டர் கறக்கிற ஜெர்சி கலப்பு ஒன்று. 4 லிட்டருக்கு இறங்கிவிட்ட இன்னொன்று, ஐந்தாவது ஈத்து, மூன்று தடவை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. 5 மாதச் சினையில் வற்றி நிற்பது ஒன்று. 14 மாதக் கிடேரி ஒன்று. அப்புறம், காளையை ஓடவிட்டு நேரம் பார்க்கிற மாடு விடும் விழாவுக்காக அப்பா வளர்க்கிற காளை. கையிருப்பு 150 கட்டு வைக்கோல். எல்லாவற்றையும் பொய்கை ஊர் மாட்டுச் சந்தையில் தள்ளிவிட்டு பெங்களூரு வேலைக்குப் போய்விடலாமா, இல்லை வட்டிக்கு வாங்கியாவது தீவனம் போட்டுக் காப்பாற்றலாமா என்பது கேள்வி.

நானும் அதே மாவட்டம்தான், அணைக்கட்டு என்கிற ஊர்ப் பக்கம். மாடு வைத்து 30 வருடத்துக்கு மேல் ஆகிறது, நடுவில் 11 வருடம் எங்கள் ஊர் பால் சங்கத்தில் பால் டெஸ்ட் பார்த்தவள். டாக்டர் இல்லை. ஆனால் வறட்சியில் ஒரு மாடு எப்படிக் குறைகிறது என்பதை மாட்டைப் பார்க்காமல் பாலை வைத்தே சொல்லத் தெரியும், அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. விற்பதா வைப்பதா என்று மொத்தமாகக் கேட்டால் பதில் வராது தம்பி. எந்த மாடு, எந்தத் தேதி, இப்படித்தான் கேட்க வேண்டும். இது எனக்குப் பாடம் படித்து வந்ததில்லை. 2016 ஐப்பசி, கார்த்திகை மழை பொய்த்தது உங்களுக்கு நினைவிருக்கும், 2017 ஜனவரியில் தமிழ்நாட்டில் எல்லா மாவட்டத்தையும் வறட்சி மாவட்டம் என்று அறிவித்தார்கள். அப்போது என்னிடம் 6 மாடு. தை மாதம் ஒரு வியாபாரி வீட்டுக்கே வந்து மூன்றுக்கு நல்ல விலை கேட்டார், நான் முடியாது என்றேன், எல்லாம் வீட்டில் பிறந்தவை. பங்குனி வரை வைக்கோல் வாங்கிப் போட்டேன், காதில் கிடந்தது அடகுக்குப் போனது. சித்திரையில் கையில் ஒன்றும் இல்லாமல் அதே மூன்றைப் பொய்கைக்கு ஓட்டிக்கொண்டு போனால், அன்றைக்குச் சந்தையில் ஊர் முழுக்க மாடு, வாங்க ஆள் இல்லை. தையில் கேட்டதில் பாதிகூட வரவில்லை. அதற்கு நடுவில் போட்ட தீவனக் காசு வேறு போனது. அந்த வருடம் ஆடி, ஆவணியில் மழை நன்றாகவே பெய்தது, புல் வந்தது, திரும்ப ஒரு மாடு வாங்கப் போனேன், நான் விற்ற விலைக்கு ஒரு கிடேரிகூடக் கிடைக்கவில்லை. மாட்டை விற்றது தப்பில்லை. எல்லாரும் விற்கிற நாளில் விற்றதுதான் தப்பு.

சரி, உங்கள் கணக்குக்கு வருகிறேன். நம் வீடுகளில் இரண்டு போர் இருக்கிறது, வைக்கோல் போர் ஒன்று, தண்ணீர் போர் ஒன்று. இரண்டையும் அளக்காமல் மாட்டின் முகத்தைப் பார்த்து முடிவு எடுக்காதீர்கள்.

வைக்கோல் போரை எடுப்போம். 150 கட்டு என்கிறீர்கள். மெஷின் கட்டு ஊருக்கு ஊர் எடை மாறும், ஒன்றைத் தூக்கித் தராசில் வையுங்கள். 15 கிலோ என்று வைத்துக்கொண்டால் 2,250 கிலோ. பெரிய மாட்டுக்கு, பச்சை ஒன்றும் இல்லாத காலத்தில், ஒரு நாளைக்கு 6 கிலோ வைக்கோலாவது வயிற்றுக்குள் போக வேண்டும், மீதியை அடர்தீவனமோ தழையோ பார்த்துக்கொள்ளும். மூன்று மாடு, ஒரு காளை, 24 கிலோ. கிடேரிக்கு 3. மொத்தம் 27, காலடியில் மிதித்து வீணாவது பத்தில் ஒரு பங்கு, ஆக 30 கிலோ. 2,250-ஐ 30-ஆல் வகுத்தால் 75 நாள். இப்போது பங்குனி நடு. வைகாசி முடியும்போது போர் இருந்த இடத்தில் தரை தெரியும்.

எதுவரைக்கும் தேவை? நம் பக்கத்துக்கு ஒரு நல்லது, கடலோரம் மாதிரி ஐப்பசி வரை காத்திருக்க வேண்டாம், ஆடி, ஆவணி, புரட்டாசியில் சாயங்கால இடிமழை நமக்குக் கணிசமாகக் கிடைக்கும். ஆனியில் நாலு மழை விழுந்தால் அதிர்ஷ்டம், அதை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. மழை விழுந்த உடனே புல்லும் வராது, மாடு வாயால் கடித்து இழுக்கிற அளவுக்கு வர மூன்று, நாலு வாரம். அதனால் ஆவணி முதல் தேதி என்று வைத்துக்கொள்ளுங்கள். பங்குனி நடுவிலிருந்து 140 நாள். கையில் 75 நாளுக்குத்தான் இருக்கிறது. 65 நாள் துண்டு விழுகிறது, கிட்டத்தட்ட 2,000 கிலோ, 130 கட்டு. கட்டு 200 ரூபாய் என்றால் 26,000. உங்கள் பக்கத்து விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் இன்றைய விலையைப் போடாதீர்கள். தை அறுப்பு முடிந்து ஆரணி, செய்யாறு பக்கத்திலிருந்து வண்டி வரும்போது இருக்கிற விலை வேறு, சித்திரையில் ஆளாளுக்குத் தேடும்போது இருக்கிற விலை வேறு. வாங்குவது என்று முடிவானால் இந்த வாரமே வாங்குங்கள்.

இனி ஒவ்வொரு மாடாக.

அந்த 4 லிட்டர் மாடுதான் முதலில் போக வேண்டும், அதுவும் அடுத்த செவ்வாய்க்கிழமைச் சந்தைக்கே. உங்களுக்குக் கோபம் வரலாம், இன்றைக்கும் பால் தருகிற மாட்டை ஏன் என்று. பால் தருகிறது என்பதால்தான். மடியில் பால் இருக்கும்போது விற்றால் அது கறவை மாடு, நாலு பேர் வந்து கறந்து பார்ப்பார்கள். வற்றியபிறகு, சினையும் இல்லாமல், ஐந்து ஈத்தும் ஆகி நின்றால் அதை எடை போட்டுத்தான் கேட்பார்கள். கணக்கும் அதையே சொல்கிறது. லிட்டருக்குக் கையில் 35 என்று வைத்தால் 140 ரூபாய் வரும். அதற்குப் போடுகிற 3 கிலோ தீவனம் 90, வைக்கோல் 85. தினம் 35 ரூபாய் நீங்கள் அதற்குத் தருகிறீர்கள். வறட்சியில் தீனி குறைந்தால் பருவத்துக்கே வராது, நாலாவது ஊசிக்கும் சினை நிற்கும் என்று நான் நம்பமாட்டேன். நல்ல தீனி இருந்த காலத்திலேயே மூன்று தடவை தவறியிருக்கிறது.

9 லிட்டர் மாடு வீட்டைத் தாங்குகிறது. 315 ரூபாய் வருகிறது, 5 கிலோ தீவனத்துக்கு 150, வைக்கோலுக்கு 85, மிச்சம் 80 ரூபாய். அதை விற்றால் பெரிய தொகை கையில் வரும், அதனால்தான் கஷ்ட காலத்தில் வீட்டில் எல்லாருக்கும் முதலில் அதன்மேல் கண் போகும். விற்காதீர்கள். மற்ற மாட்டுக்குப் போடுகிற தீவனமே அதன் மடியிலிருந்துதான் வருகிறது. ஒன்று மட்டும், தீவனம் குறைக்கலாம் என்று அதன் பங்கில் கைவைக்காதீர்கள். உடம்புக்கு ஒன்றரை கிலோ, அதற்குமேல் இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ, இந்த அளவை விடாதீர்கள்.

இங்கேதான் பால் டெஸ்ட் கதை. பச்சையும் இல்லாமல் தீவனமும் குறைந்தால் மாடு உடனே பாலை நிறுத்திவிடாது, தன் உடம்பை உருக்கிக் கொஞ்ச நாள் கொடுக்கும். அளவு அப்படியே இருக்கும், கொழுப்புகூடச் சரியாக இருக்கும், ஆனால் எஸ்.என்.எஃப்., அதாவது கொழுப்பு நீங்கலாகப் பாலில் இருக்கிற திடச்சத்து, சறுக்கும். கொழுப்பு 4 இருக்கிற பாலில், அடர்த்தி பார்க்கிற லாக்டோமீட்டர் 28-ல் நின்றால் எஸ்.என்.எஃப். 8.2 வரும். அதே பால் 26-ல் நின்றால் 7.7தான். விலை குறையும். அந்த 2017 கோடையில் தினம் காலையில் சங்கத்தில் இதே சண்டைதான், "என்னக்கா, நான் தண்ணி ஊத்துனேன்னு சொல்றியா?" என்று கேனை வைத்துவிட்டு நிற்பார்கள். தண்ணீர் ஊற்றவில்லை என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் தண்ணீர் ஊற்றினால் கொழுப்பும் சேர்ந்து இறங்கும். அந்த வீட்டு மாட்டுக்கு விலா எலும்பு தெரிய இன்னும் 20 நாள் இருக்கும்போதே எனக்குச் சீட்டில் தெரிந்துவிடும். அதனால் பால் சீட்டைச் சுருட்டி ஜன்னலில் செருகாதீர்கள், வாரம் ஒருமுறை வரிசையாக வைத்துப் பாருங்கள். எஸ்.என்.எஃப். தொடர்ந்து இறங்கினால் மக்காச்சோள மாவு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள், தாது உப்பை நிறுத்தாதீர்கள். கால்நடைப் பல்கலைக்கழகம் போடுகிற தானுவாஸ் தாது உப்புக் கலவை நல்லது. வேலூரிலேயே அவர்கள் பயிற்சி மையம் இருக்கிறது, போய்க் கேட்கலாம்.

சினை மாட்டுக்கு வருகிறேன், இதுதான் யோசிக்க வேண்டியது. முதலில், 5 மாதம் என்பது ஊசி போட்ட தேதியை வைத்துச் சொல்வதா, டாக்டர் கைவிட்டுப் பார்த்துச் சொன்னதா? பார்க்காமல் இருந்தால் நாளைக்கே பாருங்கள். சினை என்று நம்பி நாலு மாதம் தீனி போட்டு, கடைசியில் வெறும் வயிறு என்று தெரிந்த வீடுகள் எங்கள் ஊரிலேயே உண்டு. உண்மையிலேயே 5 மாதம் என்றால், கன்று போட இன்னும் நாலு மாதம் சொச்சம். அதாவது ஆடியில் ஈனும், பச்சை வருகிற நேரத்தில் பால் வரும். இதைவிட நல்ல பொருத்தம் பணம் கொடுத்தாலும் கிடைக்காது. இந்த நாலு மாதத்துக்குச் செலவு? வைக்கோலும் ஒன்றரை கிலோ தீவனமுமாக ஒரு நாளைக்கு 130, 120 நாளைக்கு 15,600. கடைசி இரண்டு மாதம் வயிற்றில் கன்று வேகமாக வளரும், ஒரு கிலோ, ஒன்றேகால் கிலோ கூட்டிப் போட வேண்டும், அதற்கு 2,000 சொச்சம். ஆக 18,000. இன்றைக்கு அதை விற்றால் என்ன வரும், ஆவணியில் அதே மாதிரி கன்றுபோட்ட மாடு வாங்க என்ன ஆகும், இரண்டையும் விசாரியுங்கள். வித்தியாசம் 18,000-க்கு மேலே இருந்தால் வைத்துக்கொள்வது லாபம். எனக்குத் தெரிந்து அநேகமாக மேலேதான் இருக்கும், மழை பெய்த மறுமாதம் எல்லாரும் மாடு தேடுவார்கள்.

ஆனாலும் ஒரு தேதி வையுங்கள். ஆனி 15. அன்றைக்கு வரைக்கும் ஒரு மழையும் இல்லை, வைக்கோலும் கரைந்துவிட்டது என்றால், அன்றைக்கு அது 8 மாதச் சினை. 5 மாதச் சினைக்குக் கேட்கிற விலை வேறு, மடி இறங்க ஆரம்பித்த மாட்டுக்குக் கேட்கிற விலை வேறு. விற்றாலும் நஷ்டம் வராது. அப்போது அதை லாரியில் ஏற்றி அலைக்கழிக்காதீர்கள், கன்று விழுந்துவிடும். போர் ஓடுகிற ஊரில் ஆள் பார்த்து, வீட்டிலேயே பேசி, நடந்து போகிற தூரத்துக்குக் கொடுங்கள். தேதியைக் காலண்டரில் எழுதி வையுங்கள், அம்மா முன்னால் எழுதுங்கள். எழுதாத தேதி தள்ளிக்கொண்டே போகும், நான் தையிலிருந்து சித்திரைக்குத் தள்ளினது அப்படித்தான்.

கிடேரியை விற்கவும் வேண்டாம், வீட்டில் வைத்துக்கொள்ளவும் வேண்டாம். 14 மாதக் கிடேரிக்குச் சந்தையில் என்ன கொடுப்பார்கள், ஒன்றும் இல்லை. ஆனால் நீங்கள் இதே மாதிரி ஒன்றை வளர்த்து எடுக்க இன்னொரு ஒன்றரை வருடம் ஆகும். அது அந்த 9 லிட்டர் மாட்டின் கன்றாக இருந்தால் சொல்லவே வேண்டாம். வாரத்துக்கு, அதாவது பங்குக்கு வளர்க்க விடுங்கள். ஆரணி பக்கமோ, மலையிலோ, எங்கே உங்கள் சொந்தத்தில் யாருக்குக் கொஞ்சம் பசுமை இருக்கிறதோ அங்கே ஓட்டிவிட்டு, முதல் கன்று அவர்களுக்கு, மாடு உங்களுக்கு என்றோ, வேறு எப்படியோ பேசிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையாக விடாமல் நாலு பேர் முன்னால் பேசுங்கள், காதில் 12 இலக்க எண்ணோடு தோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். அத்தை வீடானாலும் சரி. அத்தை வீட்டில்தான் அதிகம் சண்டை வருகிறது.

காளை விஷயத்தில் உங்கள் அப்பாவிடம் பேச நான் வரமாட்டேன். எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது, அது கோட்டைத் தாண்டி ஓடின வினாடியை என் மாமனார் கடைசிவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார், பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள் அவருக்குத் தெரியாது. ஒன்று மட்டும் செய்யுங்கள், காளையின் செலவைப் பால் கணக்கில் சேர்க்காதீர்கள், வீட்டுச் செலவில் எழுதுங்கள். விழா முடிந்த காலத்தில் பருத்திக்கொட்டையும் கொள்ளும் தேவையில்லை, வைக்கோலும் தழையும் தாது உப்பும் போட்டு நிறுத்தலாம், தைக்கு இரண்டு மாதம் முன்னால் தேற்றிக்கொள்ளலாம். இதை அப்பாவே ஒத்துக்கொள்வார்.

இப்போது திரும்பக் கணக்குப் பாருங்கள். 4 லிட்டர் மாடு போய், கிடேரியும் வெளியே போனால் ஒரு நாளைக்கு 20 கிலோ. அதே 150 கட்டு 112 நாள் வரும், ஆடி பிறக்கிற வரைக்கும். துண்டு விழுவது 28 நாள், 40 கட்டு, 8,000 ரூபாய். 26,000 எங்கே, 8,000 எங்கே. விற்ற மாட்டின் பணத்திலேயே அடங்கிவிடும்.

கடன் பற்றிக் கேட்டீர்கள். 4 லிட்டர் மாட்டுக்காக ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள், அது திருப்பிக் கட்டாது. சினை மாட்டுக்காக வாங்கலாம், ஆடியில் கன்று போட்டதும் கட்ட ஆரம்பிக்கும். மூன்று வட்டிக்குக் கேட்பதற்கு முன்னால் கூட்டுறவு சங்கத்தில் நகைக்கடன் பாருங்கள், கிசான் கடன் அட்டை இப்போது மாடு வைத்திருக்கிறவர்களுக்கும் கொடுக்கிறார்கள், நிலம் அதிகம் இல்லை என்று தயங்க வேண்டாம். பழைய மாட்டுக் கடன் பாக்கி இருந்தால், அந்தக் கடனில் வாங்கின மாட்டைச் சொல்லாமல் விற்றுவிடாதீர்கள்.

எல்லாவற்றையும் விற்றுவிட்டு பெங்களூரு போவதைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது, உங்கள் வயது, உங்கள் வேலை. போவதானால் போங்கள், ஆனால் மாட்டைக் காலி செய்துவிட்டுப் போக வேண்டியதில்லை, இரண்டு மாட்டை அம்மா தனியாகவே பார்ப்பார், ஐந்தை முடியாது. எங்கள் தெருவில் அந்த வருடம் தொழுவத்தைச் சுத்தமாகக் காலி செய்த வீடுகளில் பாதிக்கு மேல் இன்றைக்கு அங்கே பைக் நிற்கிறது. திரும்ப ஆரம்பிக்கலாம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

வைக்கோலை நீட்டிக்க வழி இருக்கிறது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கரைத்து, அடுக்கு அடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாய் போட்டு மூடி 21 நாள் விட்டால், வைக்கோல் மெத்தென்று ஆகும், புரதச் சத்து ஏறும், மாடு மிச்சம் வைக்காமல் தின்னும். பிரித்ததும் அந்த நெடி போக ஒரு மணி நேரம் காற்றாட விட்டுப் போடுங்கள், முதல் வாரம் சாதா வைக்கோலோடு கலந்து. ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்குப் போடக் கூடாது. கரைத்த யூரியாத் தண்ணீர் வாளியை மாட்டுக்கு எட்டுகிற இடத்தில் வைத்தால் செத்தே போகும், இதில் விளையாட்டு இல்லை. அளவில் சந்தேகம் இருந்தால் செய்யாதீர்கள்.

மல்லாட்டைக் கொடி (நிலக்கடலைக் கொடி) கிடைத்தால் விடாதீர்கள், வைக்கோலைவிட எவ்வளவோ மேல். கேவுரு (கேழ்வரகு) தாளும் அப்படித்தான், சுண்ணாம்புச் சத்து உண்டு. திருவலம் பக்கம் கரும்பு வெட்டுகிறார்களா என்று கேளுங்கள், கரும்பின் நுனித் தோகையான கொழுந்தாடை சும்மா கிடைத்த காலம் போய்விட்டது, ஆனாலும் மலிவு. அகத்தி, முருங்கை, கிளிரிசிடியா, வாகை, வேம்பு, எது கிடைத்தாலும் தினம் ஒரு கட்டு ஒடித்துப் போடுங்கள், பச்சையே காணாத சினை மாடு குருட்டுக் கன்று போடும், கன்று விழுந்தும் போகும், அது ஏ வைட்டமின் பற்றாக்குறை. சவுண்டல் (சூபாபுல்) தழை மட்டும் மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. சீமைக் கருவேலங்காயை முழுசாகப் போட்டால் கொட்டை அப்படியே சாணத்தில் வந்து உங்கள் நிலத்திலேயே முளைக்கும், அரைத்துப் போடுங்கள்.

இரண்டு விஷயத்துக்குப் பயப்படுங்கள். ஒன்று, தண்ணீர் இல்லாமல் முழங்கால் உயரத்தில் வாடி நிற்கிற சோளம். பசித்த மாட்டுக்கு அது பச்சையாகத் தெரியும், தின்று அரை மணி நேரத்தில் மூச்சு வாங்கி, நுரை தள்ளிச் சாய்ந்துவிடும், அதில் சயனைடு ஏறியிருக்கும். காய்ந்து நின்றது திடீர் மழைக்குத் தழைத்தாலும் அதே ஆபத்து. பூக்கிற பருவத்துக்கு முன்னால் மேய விடாதீர்கள், அறுத்து நன்றாக வெயிலில் உலர்த்தினால் விஷம் குறையும். அப்படி ஆகிவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்குப் போன் போடுங்கள், ஊசி இருக்கிறது, நேரத்தில் போட்டால் எழுந்துகொள்ளும். இன்னொன்று, ரேஷன் அரிசிக் கஞ்சி. தீவனம் விலை ஏறினதும் எல்லாரும் செய்கிற காரியம் இது. பழக்கமில்லாத மாட்டுக்கு ஒரே நாளில் ஒரு குண்டான் கஞ்சி வைத்தால் வயிறு புளித்துப் படுத்துவிடும், பசியால் சாகிறதைவிட இதில் செத்த மாடுதான் நான் அதிகம் பார்த்தது.

பொய்கைக்குப் போவது பற்றிக் கொஞ்சம். செவ்வாய்க்கிழமை விடியற்காலையிலேயே வியாபாரம் சூடு பிடித்துவிடும், வெயில் ஏறியபிறகு போனால் உங்கள் மாடு தலை தொங்கி நிற்கும், நீங்களும்தான். முடிந்தால் ஒரு வாரம் முன்னால் மாடு இல்லாமல் போய், உங்கள் மாடு மாதிரி ஒன்று என்ன விலைக்குப் போகிறது என்று நின்று கேளுங்கள். தரகர் துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசுவார், அந்த மொழி தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரைக் கூடவே அழைத்துப் போங்கள், வெட்கப்பட வேண்டாம். மடி பெரிதாகத் தெரியட்டும் என்று முந்தின நாள் கறக்காமல் விடுகிற பழக்கம் வேண்டாம், மடிநோய் வந்தால் வாங்குகிறவன் பாவம், மாடு அதைவிடப் பாவம். மூன்று ஊசி தவறியதைக் கேட்டால் மறைக்காதீர்கள், கேட்கிற ஆள் எப்படியும் கேட்டுத்தான் வந்திருப்பார். பாதிப் பணம் இப்போது, மீதி அடுத்த வாரம் என்று சொல்கிறவருக்குக் கயிற்றைக் கொடுக்காதீர்கள். எங்கள் வீட்டில் பழைய கயிற்றை அவிழ்த்துக்கொண்டுதான் வருவோம், வாங்குகிறவர் புதுக்கயிறு கொண்டு வர வேண்டும், உங்கள் அம்மாவும் அதைத்தான் சொல்வார் என்று நினைக்கிறேன்.

மழை வந்ததும் அவசரப்பட்டு மாட்டை நாள் முழுக்கப் புல்லில் அவிழ்த்துவிடாதீர்கள், காய்ந்த வயிறு, கழிந்துகொண்டே நிற்கும். காலையில் வைக்கோல் போட்டுவிட்டு ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று கூட்டுங்கள். தொண்டை அடைப்பான், சப்பை நோய்க்கு மழைக்கு முன்னால், வைகாசியிலேயே ஊசி போட்டுவிடுங்கள், இளைத்த மாட்டைத்தான் அவை முதலில் தேடும்.

கடைசியாக அந்த இரண்டாவது போர். வைக்கோல் இல்லாவிட்டால் ஆரணியிலிருந்து லாரியில் வரும், தண்ணீர் தினம் வேண்டும். காய்ந்த தீனி தின்கிற பெரிய மாடு நம் வேலூர் வெயிலில் 60 லிட்டருக்கு மேல் குடிக்கும், கறக்கிற மாடு 80 வரைக்கும். வீட்டுக்குத் தேவையானது தனி. அரை மணி நேரம் ஓடுகிறது என்று சொன்னீர்கள், அதில் எத்தனை குடம் என்று சொல்லவில்லை. நாளைக்குக் காலையில் ஒரு டிரம்மில் பிடித்து அளந்து பாருங்கள், சாயங்காலம் திரும்ப ஊறுகிறதா என்றும். மாட்டுக்கென்று 250 லிட்டர் மிஞ்சினால் மேலே சொன்னபடி இரண்டு மாடும் காளையும் நிற்கலாம். 150-தான் என்றால் ஆனி 15 வரைக்கும் காத்திருக்காதீர்கள், கிடேரியோடு சேர்த்துச் சினை மாட்டையும் இந்த வாரமே அதே சொந்தக்காரர் வீட்டுக்கு ஓட்டிவிடுங்கள், அங்கேயே கன்று போடட்டும்.